நாள் கடந்த முறையீடு

திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த ஆவண வழக்கைச் சேக்கிழார் விரித்துரைத்திருப்பதை அறியாத தமிழன்பர் இலர். புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை முதியவர் ஒருவர் வந்து தடுக்கிறார். இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் உள்ளது, ஆகவே இவன் எனக்கு அடிமை என்கிறார். நம்பியாரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலையே, மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு அவையேறுகிறது. அவையத்தார் மூலவோலையை வாங்கிப் படிக்கின்றனர். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். இரண்டும் ஒத்திருக்கவே தீர்ப்பு முதியவர் பக்கம் சாய்கிறது.

அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கம் உண்டா என்ற கேள்வி அங்கே எழுந்தது. ஓலை மெய்யா பொய்யா என்ற கேள்வியும் எழுந்தது. இரண்டு தலைமுறைக்கு முந்திய ஓலையை இத்தனை காலம் கழித்துக் கொண்டுவரலாமா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. இற்றை நாளில் அவ்வழக்கு விசாரணைக்கே வந்திராது. நீதிமன்ற அலுவலர் ஓலையின் தேதியை முதலில் பார்ப்பார். எழுத்தை ஒப்பிடும் வேலை யாருக்கும் நேர்ந்திராது.

இதனால் பழைய நீதிநூல்கள் காலக் கணக்கே அறியாதவை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. தன் நிலத்தைப் பிறன் ஒருவன் அனுபவிப்பதைக் கண்முன் கண்டும் இருபது ஆண்டு வாய் திறவாதிருப்பவன் அதனை இழப்பான் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. பிற பொருளாயின் பத்தாண்டு. அடுத்த சுலோகத்திலேயே விலக்குகளும் சொல்லப்படுகின்றன. அடைமானம், எல்லை, ஒப்படைத்த பொருள் ஆகியவற்றுக்கும், சிறுவர், அறிவு குன்றியோர், பெண்டிர், வேதம் வல்லார், அரசன் ஆகியோர் உடைமைக்கும் இக்கணக்கு இல்லை. தன் உடைமையைத் தானே காத்துக்கொள்ள இயலாத சிறுவனையும் படையும் பண்டாரமும் உடைய அரசனையும் ஒரே சலுகைப் பட்டியலில் வைத்த அவ்விசித்திரம் பிற்கால இந்திய நீதிமன்றங்களிலும் வேறு வடிவில் தொடர்ந்தது.

இங்கிலாந்தில் 1275-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிலவழக்குகளுக்கு முதலாம் ரிச்சர்டு அரசுகட்டில் ஏறிய 1189-ஐ எல்லையாக வைத்தது. எல்லை ஓர் ஆண்டில் நிலைகொண்டுவிட்டபடியால் நாள் ஆக ஆக அது பயனற்றுப் போயிற்று. பிற்காலத்தில், முதலாம் ஜேம்ஸ் காலத்து 1623-ஆம் ஆண்டுச் சட்டம் இன்ன வழக்குக்கு இத்தனை ஆண்டு என்று வகுத்தது. கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது இம்முறையே.

பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான முதல் காலவரையறைச் சட்டம் 1859-இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே 1862-இல் ஆகஸ்ட் 15 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பட்டது. மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்ற புகழ் அவருடைய இப்பணியை மறைத்துவிட்டது. தன் வழக்கின் விதி எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த மொழி அறியாத குடியானவன், வழக்காட எத்தனை நாள் உண்டு என்பதை எங்ஙனம் எண்ணுவான்? அக்கவலை உடையவராக அந்த முன்சீப் இருந்திருக்கிறார்.

நாள் கணக்கு அறிந்தவன் கையில் அறியாதவன் படும் பாட்டுக்குத் தக்காணம் சான்றாயிற்று. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு செய்யாத கடன் பத்திரங்களுக்கு மூன்றாண்டுக் கெடு வைத்தது. பழங்கடனைத் தோண்டியெடுத்து உழவனை வதைத்தல் கூடாது என்பதே நோக்கம். நடந்தது மறுதலை. மூன்றாண்டு நிரம்புமுன் சாகுகார் வட்டியை முதலோடு சேர்த்துப் புதுப்பத்திரம் எழுதி வாங்கினார். உழவன் கைநாட்டு வைத்தான். 1875 மே மாதம் பூனா மாவட்டத்துச் சூபாவில் தொடங்கிய கலவரத்தில் உழவர்கள் தேடித் தேடிக் கொளுத்தியவை இந்தப் பத்திரங்களே. 1879-இல் வந்த தக்காண உழவர் துயர்தீர்ப்புச் சட்டம் கெடுவை நீட்டியது. கடனாளிக்குக் காப்பாக வைத்த கெடுவை நீட்டுவதே அவனுக்குக் காப்பாயிற்று!

முறையீட்டுக்கு வருவோம். வழக்கு, மேல்முறையீடு, மனு ஆகிய மூன்றுக்கும் ஒரே அட்டவணையில் நாள் குறித்தது 1871-ஆம் ஆண்டுச் சட்டம். அதனை அடுத்து 1877, 1908, 1963 ஆகிய ஆண்டுகளில் புதுச் சட்டங்கள் வந்தன. 1964 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமையியல் வழக்கில் உயர்நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள். பிற நீதிமன்றங்களுக்கு முப்பது நாள். கெடுவுக்குப் பின் வந்த முறையீட்டை, எதிர்த்தரப்பு அதனைச் சுட்டிக்காட்டாவிடினும், நீதிமன்றம் தானே தள்ளிவிட வேண்டும் என்பது மூன்றாம் பிரிவு. தூக்குத் தண்டனை பெற்றவன் உயர்நீதிமன்றத்தில் முறையிட 1908-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது ஏழே நாள். 1963-இல் அது முப்பதாயிற்று. சிலம்பின் வழக்கில் முறையீடு தண்டனைக்குப் பிறகே வந்தது என்பதை நினைப்பவர்க்கு ஏழு நாளும் ஒரு கொடையாகத் தோன்றலாம். சிறைக்குள் இருந்தபடி வக்கீலைத் தேட வேண்டியவனுக்கு அவ்வாறு தோன்றியிராது.

இக்கணக்கு எண்ணப்படும் முறையில் சில இரக்கங்கள் உண்டு. தீர்ப்பு நாள் கணக்கில் சேராது. தீர்ப்பின் நகல் பெறச் செலவாகும் காலமும் சேராது. கெடு முடியும் நாள் விடுமுறையாயின் நீதிமன்றம் மீண்டும் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். காகிதத்தில் இவை எளியவை. ஆயின் சிற்றூரிலிருந்து வரும் கட்சிக்காரர், நகலுக்கு மனுப்போட்டாரா, முத்திரைத்தாள் கேட்ட நாளில் கொடுத்தாரா, நகல் ஆயத்தமான நாளில் போய் வாங்கினாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்து நடப்பவை அல்ல. வக்கீல் குமாஸ்தாவின் நினைவில் இருப்பவை. தோற்றவர் ஊர் திரும்புகிறார், அறுவடை வருகிறது, மகள் திருமணம் வருகிறது, நோய் வருகிறது. மேல்முறையீட்டுக்கு வேண்டிய பணம் திரண்டு அவர் பட்டணத்துக்கு வரும்போது நாள் கடந்திருக்கிறது. அப்போது வாதாடப்படுவது நிலம் யாருடையது என்பதன்று; அவர் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பதே. அவ்வாதத்தில் தோற்றால் நிலத்தைப் பற்றிய பேச்சே எழாது. கீழ்நீதிமன்றம் தவறியிருந்தால் அத்தவறு என்றென்றைக்கும் நிலைத்துவிடும்.

இந்தக் கதவில் ஒரே ஒரு தாழ் திறப்பு உண்டு. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அமைந்து, பின்வந்த எல்லாச் சட்டங்களிலும் ஐந்தாம் பிரிவாக நீடிப்பது அது. கெடுவுக்குள் வராமைக்குப் 'போதிய காரணம்' இருந்தது என்று முறையீட்டாளர் நீதிமன்றத்தை நிறைவுறச் செய்தால், நாள் கடந்த முறையீட்டையும் ஏற்கலாம். போதிய காரணம் எது என்று சட்டம் சொல்லவில்லை. எண்களால் நிரம்பிய ஒரு சட்டத்தில் எண்ணுக்கு அடங்காத இவ்விரண்டு சொற்களுக்குப் பொருள் காணுவதே நூற்று ஐம்பது ஆண்டுக்கு மேலாக நீதிபதிகளின் வேலையாயிற்று.

அப்பொருளை முதலில் அழுத்தமாக வரைந்த பெருமை சென்னைக்கு உரியது. 1890-ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் 'கிருஷ்ணா எதிர் சாத்தப்பன்' என்ற தலைப்பில் காணப்படும் வழக்கில், உயர்நீதிமன்றம் ஒரு விதியைக் கூறியது. முறையீட்டாளரிடம் கவனக்குறைவு இல்லை, வாளாவிருந்த குற்றம் இல்லை, நேர்மைக் குறைவும் இல்லை எனில், மெய்ந்நீதி வளரும் வகையில் அச்சொற்களுக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இம்மூன்றும் ஒரு மனிதரின் நடத்தையை அளக்கும் அளவைகள். நாள் எத்தனை கடந்தது என்பது இவற்றுள் ஒன்றாக இல்லை. பின்னர் இந்தியாவெங்கும் ஆயிரக்கணக்கான மனுக்களில் இவ்விதி மேற்கோளாயிற்று, இன்றும் ஆகிறது.

மறுபக்கக் குரலும் உண்டு. 1932-இல் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை வழங்கிய சர் தின்ஷா முல்லா, காலவரையறைச் சட்டத்தில் இரக்கவுணர்வுக்கு இடமில்லை, சொல்லின் இலக்கணப் பொருளே பாதுகாப்பான வழிகாட்டி என்னும் கருத்தை உரைத்தார். அதனை வெறுங்கடுமை என்று ஒதுக்கிவிடலாகாது. வென்றவரும் ஒரு மனிதர்தாம். பத்தாண்டு வழக்காடி வென்று, கெடு கழிந்தது என்று நம்பி வீடு கட்டியவரின் வாசலில் இரண்டாண்டு கழித்து மேல்முறையீட்டு அறிவிக்கை வந்து நின்றால் அவருக்கு யார் ஆறுதல் சொல்வது? வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற கொள்கை அவரைக் காக்கவே எழுந்தது.

இரு குரல்களுக்கும் இடையே உச்ச நீதிமன்றம் 1961-இல் ஒரு நல்ல விளக்கம் தந்தது. ரேவா நிலக்கரி நிறுவனம் சம்பந்தப்பட்ட அவ்வழக்கில் தாமதம் ஒரே நாள். கெடுவின் கடைசி நாளில் முறையீட்டாளர் தரப்பில் ஒருவர் நோயுற்றார். அடுத்த நாள் மனு வந்தது. முந்திய நாள்களில் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தீர் என்று கேட்டு நீதித்துறை ஆணையர் தள்ளிவிட்டார். நீதிபதி கஜேந்திரகட்கர் அதனை ஏற்கவில்லை. கெடு முழுவதும் முறையீட்டாளருக்குச் சட்டம் தந்த உரிமை. கடைசி நாள் வரை காத்திருந்தமைக்கு அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாளுக்குப் பிறகு கழிந்ததற்குச் சொன்னால் போதும். சென்னையின் 1890-ஆம் ஆண்டு விதியை அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. கடைசி நாளில் கட்டுரை அனுப்பும் பழக்கமுடைய எழுத்தாளர் எவரும் இத்தீர்ப்பை வாழ்த்துவர்.

எளியவர்க்காக எழுந்தது என்று பலரும் கருதும் தீர்ப்பு 1987-இல் வந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு எதிலும் அது தவறாமல் இடம்பெறும். தாமதித்து வருவதால் கட்சிக்காரர் பெறும் ஆதாயம் எதுவும் இல்லை. மனுவை ஏற்றால் நேரக்கூடிய மிகப்பெரிய தீங்கு வழக்கு அதன் தகுதியின்மேல் கேட்கப்படுவதே. ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் கேட்பதென்றால் ஒவ்வொரு மணிக்கும் நொடிக்கும் கேட்பதுதானே என்றெல்லாம் நீதிபதி தக்கர் எழுதினார். அவ்வரிகளைப் படிப்பவர் மனக்கண்ணில் எழுவது நாள் தவறிய ஓர் ஏழையின் முகமே.

வழக்கின் மெய்ந்நிலை வேறு. காஷ்மீரத்து அனந்த்நாகில் அரசு நிலம் எடுத்தது. கனாலுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்த இழப்பீட்டை நீதிமன்றம் எண்ணாயிரமாக உயர்த்தியது. கூடுதல் தொகை ஏறத்தாழப் பதினான்கு இலட்சம். அதனை எதிர்த்து நான்கு நாள் தாமதமாக மேல்முறையீட்டுக்கு வந்தவர் நில எடுப்பு ஆட்சியர். எதிரே நின்றவர் நிலத்தை இழந்த ஒரு பெண்ணும் பிறரும். உயர்நீதிமன்றம் கடைப்பிடித்த கெடு நிலம் இழந்தோரைக் காத்தது. உச்ச நீதிமன்றத்தின் இரக்கம் அரசுக்குக் கதவு திறந்தது. அரசு என்பதற்காக மாற்றாந்தாய் மனப்பான்மையோடு அதனை நடத்தலாகாது என்றும், குறிப்பெழுதிக் கோப்பை நகர்த்திப் பொறுப்பை அடுத்தவர்மேல் தள்ளும் அலுவலகப் பழக்கத்தால் அரசின் தாமதம் விளங்கிக்கொள்ளத்தக்கதே என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. அரசனும் சிறுவனும் ஒரே பட்டியலில் நின்ற ஸ்மிருதி இவ்விடத்தில் நினைவுக்கு வரும். நான்கு நாள் தாமதத்துக்காக ஒருவர் முறையீட்டை முற்றாக மூடுதல் கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொற்கள் பிறந்த இடத்தை மறந்து அவற்றை மேற்கோள் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

உண்மையிலேயே ஓர் எளிய கட்சிக்காரரின் வழக்கு 1998-இல் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது. தாமதம் 883 நாள். அவர் அமர்த்திய வக்கீல் தம் கடமையைச் செய்யவில்லை. நுகர்வோர் மன்றமே அவ்வக்கீல் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. விசாரணை நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு, காலத்தின் நீளம் பொருட்டன்று, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே பொருட்டு என்றது. காலவரையறை விதிகள் கட்சிக்காரரின் உரிமையை அழிக்க வந்தவை அல்ல, வேண்டுமென்றே இழுத்தடிப்பதைத் தடுக்க வந்தவை என்றும் அது விளக்கியது. நூறாண்டு கழித்துச் சென்னை விதி தன் இயல்பான இடத்தை அடைந்தது என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

வக்கீலின் பிழை யாருடைய பிழை? இக்கேள்விக்கு வேறொரு நாடு வேறொரு விடை தந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1982-இல் கொலைக் குற்றத்துக்காக ரோஜர் கீத் கோல்மன் மரண தண்டனை பெற்றார். நேர் மேல்முறையீடு தோற்ற பின், புதிய காரணங்களைக் காட்டி மாநில நீதிமன்றத்தில் மனுச் செய்தார், அதுவும் தள்ளப்பட்டது. அதனை எதிர்க்க முப்பது நாள் இருந்தது. வக்கீல்களின் அறிவிக்கை முப்பத்து மூன்றாம் நாள் சேர்ந்தது. மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், கூட்டாட்சி நீதிமன்றங்கள் அக்காரணங்களைக் கேட்க முடியாது என்று முடித்தது. அத்தகைய மனுவுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் அரசியலமைப்பு உரிமையே இல்லையாதலால், வக்கீலின் பிழை கட்சிக்காரரையே சாரும் என்பது வாதம். இது கூட்டாட்சி பற்றிய வழக்கு என்றே தீர்ப்பின் முதல் வாக்கியம் தொடங்குகிறது. 1992 மே 20 அன்று தண்டனை நிறைவேறியது. 2006-இல் செய்த மரபணுச் சோதனை அவர் குற்றவாளியே என்று காட்டியது. ஆயின் மூன்று நாளைப் பற்றித் தீர்ப்பெழுதியவர்கள் எடைபோட்டது அவருடைய குற்றத்தை அன்று.

அதே நாட்டில் 2007-இல் முடிந்த ஓஹையோ வழக்கு இன்னும் விந்தையானது. முறையீட்டுக்குப் பதினான்கு நாளே கூடுதலாகத் தரலாம் என்பது சட்டம். நீதிபதி தவறுதலாகப் பதினேழு நாள் தந்து ஆணையிட்டார். அவ்வாணையை நம்பிய சிறைவாசி, நீதிபதி குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்பே தாக்கல் செய்தார். சட்டக் கணக்கில் அது இரண்டு நாள் தாமதம். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளப்பட்டது. நீதிபதியின் சொல்லை நம்பியது குற்றமாயிற்று. இந்தியச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் ஒரு விளக்கவுரை உண்டு: உயர்நீதிமன்றத்தின் ஆணையோ வழக்கமோ தீர்ப்போ கட்சிக்காரரை நாள் கணக்கில் வழிதவறச் செய்திருந்தால் அதுவே போதிய காரணம் ஆகலாம். குறைகள் பல உடைய நம் சட்டம் இவ்விடத்தில் தலைநிமிர்ந்து நிற்கிறது.

அரசின் தாமதத்துக்கு வரம்பு கட்டும் முயற்சி 2012-இல் தெளிவாக வெளிப்பட்டது. 427 நாள் கழித்து வந்த மேல்முறையீடு. வந்தவர் அஞ்சல் துறையார்! உரிய நாளில் கொண்டு சேர்ப்பதையே தொழிலாக உடைய துறை அது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி சதாசிவம் அங்கம் வகித்த அமர்வு, கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்பதை இனியும் காரணமாக ஏற்க முடியாது, சட்டத்தின் கெடு அரசு உட்பட அனைவருக்கும் ஒன்றே என்று கூறித் தள்ளியது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதத்தோடு வந்தபோது உச்ச நீதிமன்றம் இருபத்தையாயிரம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. தள்ளப்படும் என்று அறிந்தே அரசுத் துறைகள் இத்தகைய மனுக்களைக் கொண்டுவருகின்றன. தள்ளுபடி ஆணையை ஒரு சான்றிதழாகப் பெற்றுக் கோப்பில் வைத்து, தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலரைக் காப்பாற்றுவதே நோக்கம் என்று அவ்வாணை சுட்டியது. தோற்பதற்கென்றே முறையிடும் ஒரு கட்சிக்காரரை 1890-ஆம் ஆண்டு நீதிபதிகள் கற்பனை செய்திருக்கமாட்டார்கள்.

அதே 2020-இல் நாள் கணக்கே நின்றுபோகும் நிலையும் வந்தது. கொள்ளைநோயால் ஊர்கள் அடங்கின. நீதிமன்ற வாயில்கள் மூடின. மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் எவரும் கேளாமல் தானே முன்வந்து, மார்ச் 15 முதல் நாடெங்கும் எல்லா வழக்குக்கும் முறையீட்டுக்கும் கெடுவை நீட்டி ஆணையிட்டது. இடையே ஒருமுறை முடித்து, நோய் மீண்டும் பரவவே மறுபடியும் நீட்டி, இறுதியில் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் முழுவதையும் கணக்கிலிருந்து விலக்கியது. ஏறத்தாழ இரண்டாண்டு எவரும் தமக்குப் போதிய காரணம் இருந்தது என்று தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அக்காலத்துள் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் தொண்ணூறு நாள் தரப்பட்டது. அன்று முதல் நாள் எண்ணுதல் மீண்டும் தொடங்கியது.